பழைய கார்களின் கியர் பாக்ஸில் இறுகிப்போன செலக்டர் ராடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூர், பொள்ளாச்சி, ஈரோடு, நாமக்கல் பக்கங்களில் தோட்டத்துச் சாளைகளிலும் பழைய வீடுகளின் ஓட்டுச் சாய்ப்புகளிலும் ஆண்டுக்கணக்கில் நின்றுபோன அம்பாசடர், பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு, ஜீப் வண்டிகளை மறுபடி ஓட்ட விரும்புவோர் இப்போது பலர். எஞ்சினைக் கிளப்பிய மகிழ்ச்சி அடங்குமுன் அவர்கள் சந்திக்கும் அடுத்த சிக்கல், கியர் விழ மறுப்பது. அதைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே உள்ளன.

செலக்டர் ராடு என்பது எது? அது ஏன் இறுகிக்கொள்கிறது?

கியர் லீவரை அசைக்கும்போது, நேரடியாகவோ லிங்கேஜ் எனப்படும் இணைப்புக் கம்பிகள் வழியாகவோ, ஓர் உருக்கு ராடு முன்னோ பின்னோ தள்ளப்படுகிறது. அந்த ராடில் பொருத்தப்பட்டிருக்கும் ஃபோர்க் என்னும் கவை, கியர் பாக்ஸுக்குள் உள்ள ஸ்லீவை (நகரும் வளையத்தை) நகர்த்தி உரிய கியரோடு சேர்க்கிறது. நான்கு முன் கியர்கள் கொண்ட பழைய பெட்டிகளில் பெரும்பாலும் மூன்று ராடுகள் இருக்கும்: முதல் இரண்டு கியர்களுக்கு ஒன்று, மூன்றுக்கும் நான்குக்கும் ஒன்று, ரிவர்ஸுக்கு ஒன்று. பழைய ஜீப்பின் மூன்று கியர் பெட்டியில் இரண்டே ராடுகள்தான்.

இந்த ராடுகள் பல பெட்டிகளில் மேல் மூடியில், ஆயில் மட்டத்துக்கு மேலே அமைந்திருக்கின்றன. வண்டி ஓடும்போது கியர்கள் வாரியடிக்கும் ஆயில்தான் அவற்றை நனைக்கிறது. வண்டி நின்றுவிட்டால் அந்த ஆயில் சில மாதங்களில் வழிந்து இறங்கிவிடும். கியர்கள் ஆயிலில் மூழ்கிப் பளபளவென்று இருக்க, அவற்றுக்கு மேலே ஒரு சாண் தொலைவில் ராடுகள் காய்ந்து துருப்பிடிக்கும். இரும்பு துருவாக மாறும்போது இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதால், மயிரிழை இடைவெளியே உள்ள துளைக்குள் மெல்லிய துருப்படலம்கூட ஆப்பு அடித்ததுபோல் ராடைப் பிடித்துவிடுகிறது. உறை அலுமினியமாக இருந்தால் ஈரம் பட்ட இடத்தில் இரண்டு உலோகங்களும் சேர்ந்து அரிக்கும். வெள்ளைப் பொடியாக உப்பியிருப்பதே அதன் அடையாளம்.

எங்கள் பகுதி வறண்ட பகுதிதானே? மழையில் நனையாத வண்டிக்கும் துரு பிடிக்குமா?

பிடிக்கும். பெட்டிக்குள் உள்ள காற்று பகல் வெயிலில் விரிந்து வெளியேறுகிறது; இரவில் குளிர்ந்து சுருங்கும்போது வெளிக்காற்றை ஈரத்தோடு உள்ளே இழுத்துக்கொள்கிறது. பகலுக்கும் விடியலுக்கும் வெப்பம் பெரிதாக வேறுபடும் மார்கழி, தை மாதங்களில், மூடியின் உட்புறத்தில் பனித்துளிபோல் நீர் கோத்துக்கொள்ளும். இது ஓராண்டில் பெரிதாகத் தெரியாது. பத்தாண்டு நின்ற வண்டியில் நன்றாகத் தெரியும்.

இத்துடன் இங்கே இன்னொரு காரணமும் உண்டு. சாளையில் வண்டி நிறுத்தும் இடம் பெரும்பாலும் கட்டுத்தறியை ஒட்டியே இருக்கிறது. சாணமும் கோமியமும் விடும் அம்மோனியா நிறைந்த ஈரக்காற்று உலோகத்துக்கு ஆகாது, குறிப்பாகப் பித்தளை, வெண்கலப் பாகங்களுக்கு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் சாரலோடு காற்று வீசும் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கங்களில் நின்ற வண்டிகளை இன்னும் கூடுதல் சந்தேகத்தோடு திறப்பது நல்லது. கியர் லீவரின் அடியில் உள்ள ரப்பர் உறை கிழிந்திருந்தால் நீர் இறங்க வேறு வழியே தேவையில்லை.

கியர் விழவில்லை என்றால் ராடு இறுகிவிட்டது என்றுதான் பொருளா?

அவசரப்பட்டு அந்த முடிவுக்கு வர வேண்டாம். எஞ்சின் நின்றிருக்கும்போது எல்லாக் கியரும் விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் விழ மறுத்தால் குறை கிளட்சில் இருக்கிறது. நெடுநாள் நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட் ஃபிளைவீலோடு ஒட்டிக்கொள்வது மிகச் சாதாரணம். கிளட்ச் சிலிண்டர் செயலிழந்திருப்பதும் அதேபோலத்தான்.

அடுத்ததாக லிங்கேஜைப் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங் அருகே கியர் லீவர் கொண்ட அம்பாசடரிலும் பத்மினியிலும் லீவருக்கும் பெட்டிக்கும் இடையே கம்பிகள், மூட்டுகள், புஷ்கள் என்று ஒரு நீண்ட சங்கிலி இருக்கிறது. புஷ்கள் தேய்ந்தால் லீவர் தன் இடத்தைத் தேடி அலையும்; மூட்டுகள் காய்ந்தால் லீவர் அசையவே அசையாது. லிங்கேஜைப் பெட்டியின் அருகே கழற்றிவிட்டு, பெட்டியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கையை நேரடியாக அசைத்துப் பாருங்கள். அது தாராளமாக அசைந்தால் பெட்டியைத் தொட வேண்டிய வேலையே இல்லை.

ராடு துருவால் இறுகியிருப்பதையும் இன்டர்லாக் பூட்டிக்கொண்டிருப்பதையும் எப்படிப் பிரித்தறிவது?

இந்தப் பக்கத்தில் மிகவும் நிதானமாகப் படிக்க வேண்டிய பதில் இதுதான். என் கருத்தில், பழைய பெட்டிகளில் வளைந்தும் உடைந்தும் போன ராடுகளில் கணிசமானவை துருவால் போனவை அல்ல. பூட்டியிருந்த ராடைத் துருப்பிடித்தது என்று நினைத்துச் சுத்தியலால் அடித்ததால் போனவை.

ஒரே நேரத்தில் இரண்டு கியர்கள் விழுந்தால் பெட்டி சிதறிவிடும். அதைத் தடுக்கவே ராடுகளுக்கு இடையில் குறுக்காக ஒரு துளையிட்டு, அதற்குள் பால்களையோ (உருக்குக் குண்டுகள்) சிறு பிளஞ்சர்களையோ (உருளைத் துண்டுகள்) வைத்திருக்கிறார்கள். இதுதான் இன்டர்லாக். நடு ராடின் ஊடே ஒரு சிறு பின் நுழைந்திருக்கும். ஒரு ராடு நகர்ந்ததும் அதன் உருண்டை உடம்பு அருகில் உள்ள பாலை நெம்பி, பக்கத்து ராடின் நியூட்ரல் பள்ளத்துக்குள் தள்ளிவிடும். அந்தப் பக்கத்து ராடு அதன்பின் அசையாது. எனவே ஒரு ராடு நியூட்ரலிலிருந்து அரை விரற்கடை விலகி நின்றால்கூட மற்ற இரண்டும் கல்லாகிவிடும். அவற்றில் எந்தக் குறையும் இருக்காது. அவை தமக்கு விதிக்கப்பட்ட வேலையைத்தான் செய்துகொண்டிருக்கின்றன.

மூடியைத் திறந்தவுடன், லீவரின் முனை நுழையும் பள்ளங்கள் எல்லா ராடுகளிலும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று பாருங்கள். நேர்கோட்டில் இருந்தால் எல்லாம் நியூட்ரலில் உள்ளன. ஒன்று மட்டும் விலகியிருந்தால் அதைத்தான் முதலில் மீட்டு நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும். அதை விட்டுவிட்டு மற்றவற்றோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை.

கைக்குத் தெரியும் வேறுபாடும் உண்டு. பூட்டியிருக்கும் ராடு ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோ ஆடி, ‘டக்’கென்று உலோக ஒலியோடு நிற்கும். துருவால் இறுகிய ராடில் அந்த ஆட்டம் இருக்காது. தட்டினால் உறையும் அதுவும் ஒரே துண்டுபோல் மந்தமாக ஒலிக்கும். கண்ணுக்கும் ஓர் அடையாளம் உண்டு: ராடு துளைக்குள் நுழையும் வாயருகே செம்பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் படிந்திருக்கும். அந்த வளையம் இல்லாமல், ராடு எண்ணெய்ப் பசையோடு வழவழவென்று இருந்தும் அசைய மறுத்தால், சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு இன்டர்லாக்கைத் தேடுங்கள்.

வண்டி கியரிலேயே சிக்கி நிற்கிறது. பட்டறைக்கு எப்படிக் கொண்டுபோவது?

பின்பக்க ஆக்சிலில் உள்ள ஃபிளாஞ்சில் அடையாளக் கோடு ஒன்று இட்டுக்கொண்டு, பெட்டியிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிவிடுங்கள். நாம் பேசும் இந்த வண்டிகளில், நான்கு சக்கர இயக்கம் கொண்ட ஜீப்பைத் தவிர மற்றவற்றுக்குப் பின்சக்கர இயக்கம் இருப்பதால், அதன்பின் அவற்றைத் தடையின்றி இழுத்துச் செல்லலாம். ஷாஃப்ட்டின் முன்முனை பெட்டிக்குள் செருகப்பட்டிருக்கும் வகையானால், அதை உருவியதும் ஆயில் கொட்டும். துணியைச் சுருட்டி அடைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியை இறக்காமலேயே இந்த வேலையைச் செய்ய முடியுமா?

வண்டியைப் பொறுத்தது. சென்னையில் 1961 முதல் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டில், காருக்குள் இருக்கும் டனல் மூடியைக் கழற்றினால் பெட்டியின் மேல் மூடி முழுவதும் கைக்கு எட்டும். மூடியை ராடுகள், ஃபோர்க்குகளோடு சேர்த்துத் தூக்கி மேசைக்குக் கொண்டுவந்துவிடலாம். ஜீப்பிலும் ராடுகள் மேல் மூடியில்தான் இருக்கின்றன. ராடுகள் உறைக்குள்ளேயே அமைந்த பெட்டிகளை இறக்கித்தான் ஆக வேண்டும்; வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, முகத்துக்கு மேல் துரு உதிர உதிரச் செய்யும் அரைகுறை வேலை கடைசியில் இரட்டை வேலையாகவே முடியும்.

திறப்பதற்கு முன் கவனிக்க வேண்டியவை எவை?

ஆயிலை ஒரு சுத்தமான தட்டத்தில் வடியுங்கள். பால்போல வெளுத்திருந்தால் நீர் இறங்கியிருக்கிறது. மஞ்சள் துகள்கள் மினுங்கினால் சிங்க்ரோ ரிங்கோ (கியர்களின் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் வளையம்) புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது. காந்தத்தில் ஒட்டும் இரும்புச் சில்லுகள் வந்தால், ராடை மட்டும் சரிசெய்து மூடிவிடும் எண்ணத்தைக் கைவிட்டுப் பெட்டியை முழுவதும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு கியர் நிலையிலும் ராடை நிறுத்திவைக்க, ஸ்பிரிங்கால் அழுத்தப்பட்ட பால் அல்லது பிளஞ்சர் ஒன்று இருக்கும். அவற்றின் மூடித் திருகுகளைக் கழற்றி, ஸ்பிரிங்கையும் பாலையும் காந்தக் குச்சியால் எடுத்த பிறகே எந்த ராடையும் தள்ள வேண்டும். சில பெட்டிகளில் வெளித்திருகு இருக்காது. ராடை உருவும் கணத்தில் பால் துள்ளிக் குதிக்கும். மூடியை ஒரு பழைய வேட்டிக்குள் வைத்து உருவினால் பால் தொலையாது, கண்ணும் தப்பும். கண்ணாடி அணிவதைக் கௌரவக் குறைவாக நினைக்கும் பழக்கம் நம் பட்டறைகளில் இன்னும் போகவில்லை.

எது எங்கிருந்து வந்தது என்பதைப் படம் எடுத்துக்கொள்வதோடு, ஸ்பிரிங்குகளைத் தனித்தனி டப்பாவில் போட்டு எழுதியும் வைத்துக்கொள்ளுங்கள். ரிவர்ஸ் ராடின் ஸ்பிரிங் மற்றவற்றிலிருந்து வேறுபட்டிருக்கலாம்.

எந்த எண்ணெயில் ஊறவைக்க வேண்டும்? எவ்வளவு நேரம்?

எந்த எண்ணெய் என்பதைவிட, எண்ணெய் எந்த வழியாக உள்ளே போகிறது என்பதே முக்கியம். ராடின் ஒரு முனை பெரும்பாலும் உறைக்குள் மூடிய துளையில் நிற்கும். அந்தத் துளையைச் சிறு தகட்டு மூடி ஒன்று அடைத்திருக்கும். அந்தத் தகட்டைக் குத்தி எடுத்துவிட்டால் எண்ணெய்க்கு இரண்டு பக்கமும் வாசல் திறக்கிறது. புதிய தகடு மலிவானது. பிறகு மூடியைச் செங்குத்தாக நிறுத்தி, துளையின் வாயில் எண்ணெய் குளம்போல் தேங்கும்படி விடுங்கள்; கீழ்ப்பக்கம் கசிந்து வரும் வரை நிரப்புங்கள். அடுத்த நாள் தலைகீழாகத் திருப்பி அதையே செய்யுங்கள்.

கடையில் கிடைக்கும் துரு இளக்கி ஸ்பிரே போதும். ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலையும் அசிட்டோனையும் சம அளவில் கலந்து பயன்படுத்துவோரும் உண்டு. அது நன்றாக ஊடுருவும். ஆனால் இரண்டும் நன்கு கலவாமல் பிரிந்து நிற்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும், ரப்பர் சீல்களை அது கெடுக்கும், தீப்பற்றும். மண்ணெண்ணெயும் டீசலும் மெதுவாக வேலை செய்யும், அழுக்கைக் கழுவவும் உதவும். இரண்டு நாளுக்குக் குறைவாக ஊறவைத்துவிட்டு, எண்ணெய் வேலை செய்யவில்லை என்று சொல்லக் கூடாது. ஒரு வாரம் விடுவது மேல். ஊறும் நாள்களில் அவ்வப்போது பித்தளைச் சுத்தியலால் உறையின் தடித்த பகுதியில் மெல்லத் தட்டினால், அதிர்வில் எண்ணெய் இன்னும் உள்ளே இறங்கும்.

எப்போது அடிக்கலாம்? எப்படி அடிக்க வேண்டும்?

நான்கு வேலைகள் முடிந்திருந்தால் மட்டும் அடிக்கலாம்: ஸ்பிரிங்கும் பாலும் வெளியே வந்திருக்க வேண்டும், அடிக்கும் ராடைத் தவிர மற்ற எல்லா ராடும் நியூட்ரலில் நிற்க வேண்டும், ஃபோர்க்கின் போல்ட் அல்லது பின் கழன்றிருக்க வேண்டும், ராடின் வெளியே தெரியும் பகுதி வெள்ளையாகத் தேய்க்கப்பட்டிருக்க வேண்டும். பலர் தவறவிடுவது கடைசி வேலையைத்தான். துருவும் புள்ளிக்குழிகளும் நிறைந்த பகுதியை அப்படியே துளைக்குள் இழுத்தால், அது அரம்போல வேலை செய்து துளையைக் கீறிவிடும். எமரி பேப்பரை நாடாவாகக் கிழித்து, ராடைச் சுற்றிக்கொண்டு இழுத்து இழுத்துத் தேய்த்து, கடைசியில் 400-ஆம் எண் தாளால் வழவழப்பாக்கி, துகளைத் துடைத்து, எண்ணெய் தடவிய பிறகே தள்ள வேண்டும்.

தள்ளுவதற்கு முன் சுழற்றிப் பாருங்கள். நீளவாக்கில் தள்ளினால் அசையாத ராடு, சிறிதளவு சுழற்றினால் துருவின் பிடியை விட்டுவிடுவது உண்டு. பிளையர் அல்லது கவ்வியை ராடின் ஓடும் பகுதியில் போடாமல், லீவர் பள்ளம் வெட்டப்பட்ட தலைப்பகுதியில் போட வேண்டும். வேறு வழியில்லை என்றால் தாமிரத் தகட்டைச் சுற்றிக்கொள்ளலாம். நடு ராடைப் பெரிதாகச் சுழற்றக் கூடாது. அதன் உள்ளிருக்கும் இன்டர்லாக் பின் பாதி நழுவித் துளையின் ஓரத்தில் மாட்டிக்கொள்ளும்.

அடிக்கும்போது ராடைவிடச் சற்று மெலிந்த பித்தளைத் துண்டை இடையில் வைத்து, கனமான சுத்தியலால் குட்டையாக அடியுங்கள். சிறு சுத்தியலால் வேகமாக அடித்தால் ராடின் முனை காளான்போல் விரிந்து, பிறகு எந்தத் துளையிலும் நுழையாது. உறை அடி தாங்கும்படி, ராடின் நேர் எதிரே மரக்கட்டையால் முட்டுக்கொடுப்பது அவசியம். மூடியின் விளிம்பில் மட்டும் தாங்கினால் வார்ப்பு விரிசல் விடும். இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்ததும் நிறுத்தி, எதிர்ப்பக்கத்திலிருந்து பழைய இடத்துக்குத் திருப்பித் தள்ளி, எண்ணெய் விட்டு, மறுபடி தள்ளுங்கள். முன்னும் பின்னுமாக ஓட்டும்போது கறுத்த குழம்பு வெளியே வரும். அது நல்ல அறிகுறி.

சூடு காட்டலாமா?

அலுமினிய உறையானால் தாராளமாக, அளவோடு காட்டலாம். அலுமினியம் உருக்கைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். 16 மில்லிமீட்டர் துளையை 80 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் அதன் விட்டம் சுமார் 0.03 மில்லிமீட்டர் பெருகும். உள்ளே இருக்கும் ராடும் அதே சூட்டை அடைந்தால்கூட அது 0.015 அளவே பெருகும். மீதமுள்ள 0.015 மில்லிமீட்டர்தான் நமக்குக் கிடைக்கும் இடம். சொல்வதற்குச் சிறிது, இறுகிய ராடுக்கு அது போதும்.

மூடியை மட்டும் தனியாகக் கழற்றியிருந்தால், பெரிய அண்டாவில் கொதிக்கும் நீரில் மூழ்கவைப்பதே நான் பரிந்துரைக்கும் வழி. கடல்மட்டத்திலிருந்து நானூறு மீட்டர் உயரத்தில் உள்ள கோவையில் நீர் 100 டிகிரியைத் தொடுவதற்குச் சற்று முன்பே கொதித்துவிடும் என்பதால், எவ்வளவு மறந்து விட்டாலும் சூடு எல்லை மீறாது. எடுத்தவுடன் காற்றடித்து உலர்த்தி எண்ணெய் விட வேண்டும். ஹீட் கன் இருந்தால் அதுவும் நல்லது.

வார்ப்பிரும்பு உறையில் கதை வேறு. அதுவும் உருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு விரிவதால், இரண்டையும் சேர்த்துச் சூடாக்குவதில் இடைவெளி கிடைக்காது. உறையை மட்டும் விரைவாகச் சூடாக்கி, ராடு சூடேறுமுன் தள்ள வேண்டும். அல்லது சூடாக்கி ஆறவிடுவதைப் பலமுறை செய்து, துருவின் பிடியை நொறுக்க வேண்டும். ஆறும் வேளையில் விடும் எண்ணெய் உள்ளே இழுக்கப்படும்.

கேஸ் வெல்டிங் டார்ச்சை எடுக்கும் கைகளுக்கு ஒரு வார்த்தை. கடினப்படுத்தப்பட்ட ராடு வைக்கோல் நிறத்துக்கு வரும்போது 220 டிகிரியைத் தாண்டிவிட்டது. நீலம் பாரித்தால் 300-ஐ நெருங்கிவிட்டது. அந்த ராடின் கடினம் குறைந்துவிட்டது, இனி அதன் பள்ளங்கள் விரைவில் தேயும். அலுமினியமோ உருகும்வரை நிறம் மாறாமல் இருந்து, எச்சரிக்கையின்றிச் சரிந்துவிடும். அசிட்டோனோ ஸ்பிரேயோ விட்ட பாகத்தைத் துடைத்து உலர்த்தாமல் தீயருகே கொண்டுபோகக் கூடாது. குளோரின் சேர்ந்த பிரேக் கிளீனர் தீயில் பட்டால் ஃபாஸ்ஜீன் என்னும் நச்சு வாயு உண்டாகும்.

புளித்தண்ணீர், வினிகர், மின்பகுப்பு ஆகியவை பயன்படுமா?

வெளியே எடுத்த ராடுக்கும் ஃபோர்க்குக்கும் பயன்படும். இறுகியிருக்கும் துளைக்குள் இவை எளிதில் புகுவதில்லை. செம்புக் குடம் துலக்கும் புளி துருவையும் கரைக்கும், ஆனால் பொறுமை வேண்டும். எந்த அமிலத்தில் ஊறிய பாகத்தையும் சோடா உப்புக் கரைசலில் கழுவி, உடனே உலர்த்தி எண்ணெய் பூச வேண்டும். ஸ்பிரிங்குகளை அமிலத்திலும் மின்பகுப்பிலும் போடவே கூடாது; ஹைட்ரஜன் புகுந்து அவை முறியும் தன்மை அடையும்.

சலவைச் சோடா கரைசலில் மின்பகுப்பு செய்வோர் அலுமினியத்தை அதில் இடக் கூடாது. காரம் அதைத் தின்றுவிடும். நேர்முனைக்கு (பிளஸ் பக்கத்துக்கு) எவர்சில்வர் தகட்டைப் பயன்படுத்தவும் கூடாது; அதிலுள்ள குரோமியம் நச்சுக் கூட்டுப்பொருளாகக் கரைசலில் இறங்கும். சாதாரண இரும்புத் துண்டே போதும்.

ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் போல்ட் கழல மறுக்கிறது, அல்லது முறிந்துவிட்டது. என்ன செய்வது?

பல பெட்டிகளில் இது கூம்பு முனையுள்ள சதுரத்தலை போல்ட், கம்பியால் கட்டப்பட்டிருக்கும். கம்பியை வெட்டிவிட்டு, சரியான அளவுள்ள சாவியால் முதலில் சிறிது இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். வேறு சில பெட்டிகளில் போல்ட்டுக்குப் பதில் பின் இருக்கும். அது கூம்புப் பின்னாக இருந்தால் மெலிந்த முனையிலிருந்துதான் அடிக்க வேண்டும். எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்தால் இன்னும் இறுகும்.

முறிந்துவிட்டால் மையத்தில் துல்லியமாகப் புள்ளி குத்தி, இடது சுற்று டிரில்லால் மெல்லத் துளையிடுங்கள். பாதி நேரம் டிரில்லே அதைச் சுழற்றி வெளியே கொண்டுவந்துவிடும். ஃபோர்க்கைத் தியாகம் செய்து ராடைக் காப்பதா, ராடைத் தியாகம் செய்து ஃபோர்க்கைக் காப்பதா என்ற நிலை வந்தால் ஃபோர்க்கையே காப்பாற்றுங்கள். ராடைப் புதிதாகச் செய்துகொள்ளலாம். ஃபோர்க்கின் வார்ப்பைச் செய்வது கடினம்.

துருவால் குழி விழுந்த ராடை மறுபடி பயன்படுத்தலாமா? இங்கேயே புதிதாகச் செய்துகொள்ள முடியுமா?

துளைக்குள் ஓடாத பகுதியில் உள்ள குழிகள் பொருட்டல்ல. ஓடும் பகுதியில் நகத்தில் தட்டுப்படும் குழி இருந்தால், அதில் ஈரம் தங்கி மறுபடி துரு தொடங்கும். ரப்பர் சீல் இருக்கும் இடமானால் ஆயிலும் கசியும். ராடை வழவழப்பான கண்ணாடிப் பலகையில் உருட்டி வளைவைப் பாருங்கள். பால் உட்காரும் பள்ளத்தின் ஓரங்கள் மழுங்கியிருந்தால் கியர் தானே கழன்று விழும். அந்த ராடை வைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

புதிதாகச் செய்வதைப் பொறுத்தவரை நாம் கொடுத்துவைத்தவர்கள். 1920-இல் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கிய காலம் தொட்டே, கிடைக்காத பாகத்தைச் செய்துகொள்வது இந்தப் பகுதியின் வழக்கமாக இருந்துவருகிறது. மில் இயந்திரங்களுக்கும் பம்புகளுக்கும் பாகம் செய்யும் கணபதி, பீளமேடு வட்டாரங்களில் லேத், கிரைண்டிங், ஹார்டனிங், ஹார்டு குரோம் ஆகிய எல்லா வேலைகளுக்கும் ஆட்கள் கிடைப்பார்கள். குழி விழுந்த ராடைத் தேய்த்து, ஹார்டு குரோம் ஏற்றி, பழைய அளவுக்குக் கிரைண்டிங் செய்துகொள்ளலாம். புதிய ராடானால் இ.என். 8 உருக்கில் செய்து இன்டக்ஷன் ஹார்டனிங் செய்யலாம், இ.என். 353 உருக்கில் செய்து கேஸ் ஹார்டனிங் (மேற்பரப்பை மட்டும் கடினப்படுத்துதல்) செய்வது இன்னும் நல்லது. பள்ளங்களை ஹார்டனிங்குக்கு முன்பே வெட்டிவிட வேண்டும். வெளிவிட்டத்தின் கடைசி கிரைண்டிங் அதற்குப் பின்னரே நடக்க வேண்டும். பட்டறைக்காரரிடம் பழைய ராடோடு மேல் மூடியையும் கொடுங்கள். தேய்ந்த ராடை மட்டும் கொடுத்தால் அதன் தேய்மானத்தையும் சேர்த்தே அளந்து செய்துதருவார்.

பால்களைப் பேரிங் கடையில் அளவு சொல்லி வாங்கலாம். இந்த வண்டிகள் பலவற்றில் அவை அங்குல அளவில் இருக்கும் என்பதால் மில்லிமீட்டர் பாலை ‘கிட்டத்தட்ட சரி’ என்று போட வேண்டாம்.

துளை கீறியிருந்தால்?

எமரி சுற்றிய மரக்குச்சியாலோ சிறிய ஹோனாலோ உயர்ந்து நிற்கும் மேடுகளை மட்டும் நீக்குங்கள். துளையைப் பெரிதாக்கக் கூடாது. ராடு தளர்ந்தால் ஃபோர்க் சாய்ந்து ஸ்லீவின் ஒரு பக்கத்தையே உரசும். மிக மோசமானால் துளையைப் பெரிதாக்கி வெண்கலப் புஷ் போடலாம். அது லேத் வேலை.

மறுபடி சேர்க்கும்போது எதைச் சோதிக்க வேண்டும்?

ராடு விரலால் தள்ளினால் போக வேண்டும். ஸ்பிரிங் போடுவதற்கு முன் இதை ஒவ்வொரு ராடிலும் பாருங்கள், ஏனெனில் ஸ்பிரிங் போட்ட பிறகு இறுக்கத்தின் காரணம் தெரியாது. இன்டர்லாக் பால்களையும் நடு ராடின் பின்னையும் கிரீஸால் ஒட்டவைத்துக்கொண்டு சேர்க்கலாம். அந்தச் சிறு பின் மறந்துபோவதே இந்த வேலையில் நடக்கும் மிக ஆபத்தான தவறு. அது இல்லாவிட்டாலும் எல்லாக் கியரும் அழகாக விழும், ஒருநாள் இரண்டு சேர்ந்தும் விழும்.

எனவே மூடியை மேசைமேல் வைத்து, ஒரு ராடைக் கியர் நிலைக்குத் தள்ளிவிட்டு, மற்ற இரண்டையும் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிப் பாருங்கள். அவை அசையவே கூடாது. மூன்று ராடுகளுக்கும் இதைச் செய்த பிறகு எல்லாவற்றையும் நியூட்ரலில் நிறுத்தி, பெட்டிக்குள் உள்ள ஸ்லீவுகளும் நியூட்ரலில் இருப்பதைப் பார்த்து, ஃபோர்க்குகள் அவற்றின் பள்ளங்களில் உட்காரும்படி மூடியை இறக்குங்கள். மூடி தானாக உட்கார வேண்டும். போல்ட்டை இறுக்கி உட்காரவைத்தால் ஃபோர்க் வளையும்.

எந்த ஆயிலை ஊற்றுவது?

வண்டியின் கையேட்டில் உள்ளதை. சில பழைய பெட்டிகளுக்குக் கியர் ஆயிலுக்குப் பதிலாக எஞ்சின் ஆயிலே சொல்லப்பட்டிருக்கும். கியர் ஆயில் ஊற்றும் பெட்டியானால், டப்பாவில் உள்ள தரக் குறியீட்டில் ஜி.எல். 4 வகையே பாதுகாப்பானது, ஜி.எல். 5 வகையில் கூடுதலாக உள்ள கந்தகச் சேர்மங்கள் பழைய பெட்டிகளின் பித்தளை, வெண்கலப் பாகங்களைத் தாக்கக்கூடும்.

பழைய கார் தெரிந்த மெக்கானிக் அருகில் இல்லை. யாரிடம் கொடுக்கலாம்?

லாரி கியர் பாக்ஸ் பிரிப்பவரிடம் கொடுங்கள். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரிகளும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளும் பார்க்கும் பட்டறைகளில், மேல் மூடியில் ராடும் ஃபோர்க்கும் கொண்ட பெட்டிகள் அன்றாடம் திறக்கப்படுகின்றன. தத்துவம் ஒன்றே, அளவுதான் சிறிது. அம்பாசடரைப் பார்த்ததே இல்லை என்று சொல்லும் இளைஞர்கூட இன்டர்லாக்கை அறிந்தவராக இருந்தால் போதும். மாறாக, பெட்டியைப் பார்த்தவுடன் ‘அடிச்சா வந்துரும்ங்க’ என்று சொல்பவராக இருந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

சரிசெய்த வண்டி மீண்டும் சில மாதங்கள் நிற்கப்போகிறது. என்ன செய்து வைக்கலாம்?

கியர் லீவரின் ரப்பர் உறையை மாற்றுங்கள். பெட்டியின் காற்றுத் துளையில் உள்ள மண்ணைக் குத்தி எடுங்கள். மண் தரையில் நிறுத்துவதானால் அடியில் தடித்த பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து, கட்டுத்தறியிலிருந்து தள்ளி, காற்றோட்டம் உள்ள பக்கமாக நிறுத்துங்கள். மாதம் ஒருமுறை பெட்டி நன்றாகச் சூடேறும் அளவுக்கு ஓட்டினால் வேறு எதுவும் தேவையில்லை; ஓட்ட முடியாவிட்டால், எஞ்சினைக் கிளப்பாமலேயே கிளட்சை மிதித்து எல்லாக் கியரையும் சிலமுறை போட்டு எடுக்கச் சொல்லி வீட்டில் இருப்பவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போங்கள். ஏதாவது கியர் முழுதாக விழாமல் முரண்டு பிடித்தால், சக்கரத்தைச் சிறிது உருட்டிவிட்டு மறுபடி போட வேண்டும். பலம் கொடுத்து இழுக்க வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள். முடிவில் லீவரை நியூட்ரலில் விட்டு, கை பிரேக்குக்குப் பதிலாகச் சக்கரத்துக்குக் கல் வைத்து நிறுத்துவது நல்லது, ஏனெனில் இழுத்துவிட்ட கை பிரேக்கும் அதேபோல இறுகிக்கொள்ளும்.